கிறிஸ்துமஸ் வாழ்த்தைப் பல மொழிகளில் எப்படி மொழிபெயர்ப்பது?

அலுவலகத்து வாழ்த்து அட்டைக்காகத்தான் கேட்டிருப்பீர்கள். ‘மெர்ரி’க்கு அகராதியில் சொல் தேடாதீர்கள். அந்த மொழிக்காரர்கள் அந்த நாளை எந்தப் பெயரால் அழைக்கிறார்கள் என்று முதலில் விசாரியுங்கள். விசாரிக்காமல் அவமானப்பட்டவன் சொல்கிறேன்.

ராயபுரத்தில் சின்னதாக அச்சகம் வைத்திருக்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன் யாழ்ப்பாணத்து அம்மா ஒருவர் 100 அட்டைகளுக்குத் துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார்: ‘இனிய நத்தார் வாழ்த்துகள்’. நத்தாரா? அவசரத்தில் எழுத்தை விழுங்கிவிட்டார் என்று நானே முடிவுகட்டித் திருத்தினேன். 100 அட்டையிலும் தங்க நிற மையில் ‘இனிய நாத்தனார் வாழ்த்துகள்’. பக்கத்தில் நட்சத்திரமும் குடிலும் வேறு. அதைப் பார்த்துமா புரியவில்லை என்பீர்கள். நாத்தனாருக்குக் கிறிஸ்துமஸ் அட்டை அனுப்பக் கூடாதா என்ன? 100 நாத்தனார் யாருக்கு இருப்பார்கள் என்றுதான் யோசிக்கவில்லை.

அவர் திட்டவில்லை. சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, “எங்கள் ஊரில் கிறிஸ்துமஸுக்கு நத்தார் என்றுதான் பெயர், தம்பி” என்றார். 1619இல் யாழ்ப்பாணத்தைப் பிடித்த போர்த்துகீசியரின் ‘நத்தால்’தான் அது, நமக்குச் ‘சாவி’, ‘ஜன்னல்’ என்ற சொற்கள் வந்த அதே வழி. பொருள், பிறப்பு. பிரெஞ்சு ‘நொயேல்’, ஸ்பானிய ‘நவிதாத்’ எல்லாம் அதே பிறப்புதான். ஜெர்மானியருக்கு அது புனித இரவுகள். வங்காளிகளுக்குப் பெரிய நாள். ‘ஷுபோ பொரொதின்’ என்று வாழ்த்துவார்கள். தெலுங்கில் ‘கிறிஸ்மஸ் சுபாகாங்க்ஷலு’, மலையாளத்தில் ‘கிறிஸ்மஸ் ஆசம்சகள்’, இவற்றில் வம்பில்லை. தமிழில் ‘கிறிஸ்துமஸ் நல்வாழ்த்துகள்’ போதும்.

வடசென்னைக்காரனுக்குத் தமிழ் தெரியாது என்று கீழே எழுத யாராவது வருவீர்கள். ஐயா, இயேசுவின் சீடர் பேதுருவை இராயப்பர் என்று கும்பிடுகிற ஊர் எங்களுடையது. பெயர் எப்படியெல்லாம் உருமாறும் என்று எங்களுக்கும் தெரியும். அன்றைக்குத் தோன்றவில்லை, அவ்வளவுதான்.

தமிழ் தெரிந்தவர்களின் லட்சணத்தையும் சொல்லிவிடுகிறேன். ‘வாழ்த்துக்கள்’ என்று ஒரு ‘க்’ கூடிவிட்டதாம். ஒரு சங்கத்துக்காரர் பேனரையே திருப்பி அனுப்பினார். அந்த ‘க்’கை எடுத்துவிட்டு மறுபடி அடித்துக் கொடுத்தேன். இரண்டு கிறிஸ்துமஸ் போய்விட்டது, மீதி 1,200 ரூபாய் வரவில்லை. அந்த அம்மாவோ, புதிதாக அடித்த அட்டைகளுக்கு முழுப் பணத்தையும் எண்ணி வைத்துவிட்டு, பழையதில் ஒன்றைக் கேட்டு வாங்கிக்கொண்டார். கனடாவில் அவருக்கு உண்மையிலேயே ஒரு நாத்தனார் இருக்கிறாராம்.