20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இருந்த ஹெவிவெயிட் குத்துச்சண்டை சாம்பியன்களில் யாரைப் பெரிய ஆள் என்பீர்கள்?

பலரும் ஜாக் டெம்ப்சி என்றுதான் சொல்வார்கள். 1919இல் அப்போதைய சாம்பியன் ஜெஸ் வில்லர்டை முதல் ரவுண்டிலேயே ஏழு தடவை கீழே விழவைத்த மனிதர், தப்பில்லை. ஆனாலும் என் ஓட்டு ஜாக் ஜான்சனுக்கு.

டெக்சாஸின் கால்வெஸ்டன்காரர், கறுப்பினத்தவர். பெற்றோர் அடிமைகளாக இருந்து விடுதலை பெற்றவர்கள். பாய்ந்து பாய்ந்து அடிக்கிற ரகம் இல்லை. எதிராளியின் குத்து கிளம்பும்போதே கையை நீட்டித் தடுத்துவிடுவார், நெருங்கி வந்தால் புஜத்தைப் பிடித்து அமுக்கிவிடுவார், நடுவில் சிரித்துக்கொண்டே பேச்சு வேறு. பழைய படங்களை முதலில் பார்த்தபோது, இது சண்டையா கட்டிப்பிடியா என்று எனக்குச் சலிப்பாகத்தான் இருந்தது. இரண்டாம் முறை ஜான்சனின் கைகளை மட்டும் கவனித்தேன். அப்புறம்தான் விஷயம் பிடிபட்டது.

அவருக்குப் பட்டம் சும்மா கிடைக்கவில்லை. ஜிம் ஜெஃப்ரிஸ் சாம்பியனாக இருந்தவரை பட்டத்துக்காகக் கறுப்பினத்தவரோடு மோத மாட்டேன் என்று சொல்லி, 1905இல் தோல்வியே காணாமல் ஓய்வு பெற்றுவிட்டார். பிறகு சாம்பியனான டாமி பர்ன்ஸை ஜான்சன் ஆஸ்திரேலியா வரை துரத்திப் போக வேண்டியிருந்தது. 1908 டிசம்பர் 26, சிட்னி. பர்ன்ஸுக்கு 30,000 டாலர், ஜான்சனுக்கு 5,000. 14ஆவது ரவுண்டில் போலீஸ் சண்டையை நிறுத்தியது; பட்டம் ஜான்சனுக்கு. கேமராவையும் நிறுத்தச் சொன்னார்கள். வெள்ளைக்காரர் விழுவதை ஊர் பார்க்கக் கூடாதாம்.

சரி, ஜெஃப்ரிஸ் சும்மா இருந்தாரா? ஏறியிருந்த உடம்பை ஏகத்துக்கும் இளைத்து 35 வயதில் திரும்பி வந்தார். 1910 ஜூலை 4, அமெரிக்காவின் ரீனோ நகரம். அதுவரை யாரும் அவரைக் கீழே சாய்த்ததில்லை; 15ஆவது ரவுண்டில் ஜான்சன் சாய்த்தார். அன்றிரவு அமெரிக்காவில் பல ஊர்களில் கலவரம் வெடித்தது. செத்தவர்களில் பெரும்பாலோர் கறுப்பினத்தவர். 1912இல் குத்துச்சண்டைப் படங்களை மாநிலம் விட்டு மாநிலம் கொண்டுபோகத் தடைச்சட்டமே வந்தது.

ஒரு குறையையும் சொல்லிவிடுகிறேன். சாம் லாங்ஃபோர்டு என்று ஒரு அபாரமான கறுப்பின வீரர். 1906இல் அவரை ஜான்சன் ஜெயித்திருந்தார். ஆனால் சாம்பியன் ஆன பிறகு லாங்ஃபோர்டுக்கு ஒரு வாய்ப்புகூடக் கொடுக்கவில்லை. தன்னை எத்தனை வருடம் வாசலில் நிற்கவைத்தார்கள் என்பது தெரிந்தவர் செய்த வேலை இது. எனக்கு இது இன்றும் உறுத்தல்தான்.

1915இல் ஹவானாவில் அதே வில்லர்டிடம் 26ஆவது ரவுண்டில் நாக் அவுட் ஆனார். பிற்பாடு, வேண்டுமென்றே விட்டுக்கொடுத்தேன் என்றார். விட்டுக்கொடுப்பதாக இருந்தால் முன்னாடியே செய்திருக்கலாமே, அங்கே என்ன வெயில் என்று வில்லர்ட் அலுத்துக்கொண்டாராம். இந்த விஷயத்தில் மட்டும் நான் வில்லர்ட் கட்சி.