கோதையாற்றில் மூன்று ராத்திரி – கடிதமும் பதிலும்

அன்புள்ள அக்கா,

உங்கள் கட்டுரைகளை ரொம்ப நாளாக வாசிக்கிறேன், எழுதுவது இதுதான் முதல் தடவை. எனக்கு 43 வயது, வங்கியில் வேலை. மகன் படிக்கச் சென்னை போய்விட்டான். வீட்டில் நானும் கணவரும் மாமியாரும்.

கொஞ்ச காலமாக ஒரு ஆசை. காட்டுக்குள் கூடாரம் போட்டு மூன்று ராத்திரி தனியாக இருக்க வேண்டும். பேசாமல், போன் இல்லாமல், எங்கே போகிறேன் என்று யாரிடமும் சொல்லாமல். தனியாகச் சுற்றும் பெண்கள் போடுகிற வீடியோக்களைப் பார்த்துப் பார்த்து வந்த ஆசை என்று கணவர் சிரிக்கிறார். அது முழுப்பொய் இல்லைதான், ஆனால் அப்பா இறந்த வருடத்திலிருந்தே மனதுக்குள் இது கிடக்கிறது. பேச்சிப்பாறைக்கு மேலே கோதையாறு, முத்துக்குழிவயல் பக்கம் போகலாம் என்று நினைக்கிறேன். டென்ட் வாங்கியாயிற்று.

என் அக்கா நெய்யாறு அணை ஆசிரமத்துக்குப் போ என்கிறாள். போய்வந்தேன், நல்ல இடம்தான். ஆனால் மணியடித்தால் எழு, மணியடித்தால் உட்கார் என்றால் எனக்கு அது இன்னொரு ஆபீஸ். சித்தர்களும் சமண முனிவர்களும் காட்டில் தனியாகத்தானே இருந்தார்கள்? ஒரு பெண் அப்படி இருக்க ஆசைப்பட்டால் அது ஆன்மிகமா, வீட்டிலிருந்து தப்பி ஓடுவதா? நேராகப் பதில் சொல்லுங்கள்.

ஜெ., தக்கலை

அன்புள்ள ஜெ.,

நேராகவே சொல்கிறேன். தனியாக இருங்கள், கட்டாயம் இருங்கள். கோதையாறு வேண்டாம். இரண்டையும் ஒரே மூட்டையாகக் கட்டி வைத்திருக்கிறீர்கள், பிரித்துப் பார்த்தால் இரண்டாவது இல்லாமலே முதலாவது நடக்கும் என்பது தெரியும்.

நீங்கள் சொல்கிற பக்கமெல்லாம் கன்னியாகுமரி வனவிலங்குச் சரணாலயம், அதைத் தாண்டினால் களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகம். 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அனுமதி இல்லாமல் உள்ளே போவதே குற்றம், ராத்தங்குவதைப் பற்றிப் பேசவே வேண்டாம். சட்டத்தை விடுங்கள், யானைகள் இருக்கின்றன. கேரளத்துச் சின்னக்கானலில் ரேஷன் கடையையும் வீடுகளையும் அரிசிக்காக உடைத்துக்கொண்டிருந்த அரிக்கொம்பன் என்ற யானையை 2023 ஏப்ரலில் பிடித்துப் பெரியாறு காட்டில் விட்டார்கள், அது மே மாதக் கடைசியில் கம்பம் தெருவில் வந்து நின்றது, ஜூனில் மறுபடி மயக்க ஊசி போட்டுப் பிடித்து லாரியில் ஏற்றி எங்கே கொண்டுவந்து விட்டார்கள்? நீங்கள் கூடாரம் போட நினைக்கும் அதே மேல்கோதையாறு பக்கம்தான். அதற்கு முன்பும் அங்கே யானைகள் உண்டு, பேர் தெரியாத யானைகள். பையில் ஒரு கிலோ அரிசியோடு துணிக்கூடாரத்துக்குள் கண்மூடி மௌனமாக உட்கார்ந்திருப்பவரிடம் இவர் ஆன்மிகத்துக்காக வந்தவர் என்று ஒதுங்கிப் போக அதற்கு ஒரு காரணமும் இல்லை. 2021 ஜனவரியில் வயநாடு மேப்பாடியில் ஒரு தங்குமிடத்தில் கூடாரத்தில் தங்க வந்த பெண்ணை யானை கொன்றது. அவர் தனியாகக்கூட வரவில்லை, கூட ஆட்கள் இருந்தார்கள்.

கோடையில் போகலாமே என்றால் தீ. 2018 மார்ச் 11 அன்று குரங்கணி மலையில் பிடித்த தீ 23 பேரைக் கொண்டுபோனது. காய்ந்த புல்லில் தீ ஏறுகிற வேகத்துக்கு மனிதக்கால் ஈடுகொடுக்காது, அதுவும் இறங்குகிற வழி தெரியாத ஆளின் கால்.

உண்மையான காட்டைப் பார்த்தே ஆகவேண்டும் என்றால் அகத்தியர்கூடம் மலைக்குப் போங்கள். 1868 மீட்டர். ஆண்டுத் தொடக்கத்தில் கேரள வனத்துறை போனக்காட்டிலிருந்து அனுமதிச்சீட்டோடு, வழிகாட்டியோடு அனுப்புகிறது, அதிருமலை முகாமில் ராத்தங்கல். பெண்களை விடவே மாட்டோம் என்றிருந்தார்கள், நீதிமன்றம் வரை போன பிறகு 2019 ஜனவரியிலிருந்து போகிறோம். அருமையான நடை. ஆனால் கூட்டத்தோடு போய்க் கூட்டத்தோடு திரும்புவது, நீங்கள் கேட்கிற தனிமை அங்கே கிடைக்காது.

சரி, சமணர்களுக்கு வருகிறேன், ஏனென்றால் அவர்களை நீங்கள்தான் சாட்சிக்கு இழுத்தீர்கள். தக்கலையில் இருந்துகொண்டு சிதறால் சமணக் குன்றுக்குப் போகாமல் இருந்திருக்க மாட்டீர்கள். திருச்சாணத்துமலை. மார்த்தாண்டத்திலிருந்து கொஞ்ச தூரம்தான். மேலே ஒன்றின்மேல் ஒன்று கவிழ்ந்து நிற்கும் பாறை, அதன் முகத்தில் வரிசையாகத் தீர்த்தங்கரர்கள், வற்றாத சுனை. உட்கார்ந்தால் எழ மனம் வராத இடம். அங்கே நின்றுகொண்டு கீழே பாருங்கள். வயல், ஆறு, ஊர்கள். இந்த முனிவர்கள் சமைக்கிற வழக்கமில்லை, இருட்டிய பிறகு சாப்பிடுவதும் இல்லை. அப்படியானால் பகலில் இறங்கி நடந்து, கையில் விழுந்ததைச் சாப்பிட்டு, பொழுதோடு மலையேறும் தூரத்தில் அடுப்பு எரிகிற வீடுகள் இருந்தாக வேண்டும். தமிழ்நாட்டில் சமணர் படுக்கைகள், அதாவது முனிவர்கள் படுக்கப் பாறையில் வெட்டிய இடங்கள், பலவும் இப்படித்தான் ஊரையோ பெருவழியையோ ஒட்டிய குன்றுகளில் இருக்கின்றன, ஆள் நுழையாத காட்டுக்குள் அல்ல. தனியாகத்தான் இருந்தார்கள், ஊர் அறியத் தனியாக இருந்தார்கள்.

இன்னொன்று, ஒரு பெண் என்று கேட்டிருக்கிறீர்கள் அல்லவா. அதே மலையில் ஆய் மன்னன் விக்கிரமாதித்த வரகுணன் காலத்துக் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. அரிட்டநேமி பட்டாரரின் மாணவி குணந்தாங்கிக் குரத்தி அந்த மலைத் தேவிக்குப் பொன்னணிகள் கொடுத்த செய்தி அதில் வருகிறது. பெண்துறவி, அதுவும் சுமார் 1100 வருடத்துக்கு முன்பு, உங்கள் வீட்டிலிருந்து பஸ்ஸில் போகிற தூரத்தில். அவரிடம் யாராவது இது ஆன்மிகமா தப்பி ஓடுவதா என்று கேட்டார்களா என்பது கல்வெட்டில் இல்லை.

இந்தப் பக்கம் பொற்றையடியில் மருந்துவாழ்மலை. கேரளத்துத் துறவியும் சமூகச் சீர்திருத்தக்காரருமான நாராயண குரு அதன்மேல் பிள்ளைத்தடம் குகையில் தவம் இருந்தார், இன்றைக்கும் ஆட்கள் ஏறிப்போய்ப் பார்த்துவிட்டு வருகிறார்கள். அங்கேயும் இதேதான். ஒரு பக்கம் கடல், கீழே தென்னந்தோப்பும் ஊரும். அவர் இறங்கி ஊர்களுக்குள் நடந்து, சாதி பார்க்காமல் கொடுத்தவர் வீட்டில் சாப்பிட்டவர். அப்புறம் நெய்யாற்றங்கரையில் அருவிப்புறத்தில் 1888-இல் சிவனைப் பிரதிஷ்டை செய்ததெல்லாம் நமக்குத் தெரிந்த கதை. ஊரை விட்டு ஒரேயடியாகத் தொலைந்துபோயிருந்தால் அந்தக் கதை நடந்திருக்காது.

அதனால் உங்கள் திட்டத்தில் எனக்குக் கொஞ்சமும் ஒப்பாதது 'யாரிடமும் சொல்லாமல்' என்ற பகுதி. காட்டைவிட எனக்கு அதுதான் பயம். நீங்கள் எங்கே இருக்கிறீர்கள் என்று ஒருவருக்குத் தெரிந்திருப்பதால் தனிமையில் ஒரு துளியும் குறையாது. யாருக்கும் தெரியாமல் இருந்தால்தான் முழுமை என்று தோன்றுவதற்கு அந்த வீடியோக்கள்தான் காரணம் என்று சந்தேகப்படுகிறேன். அவற்றில் ஒரு பெண் தன்னந்தனியாகக் குன்றின் விளிம்பில் உட்கார்ந்திருப்பாள், எதிரே கேமராவை யார் வைத்தார்கள், வைத்துவிட்டு எத்தனை தடவை ஓடிப்போய் உட்கார்ந்தாள் என்பது படத்தில் வராது.

நான் செய்வது இது. குலசேகரத்துக்கு மேலே எங்கள் சொந்தக்காரர் ஒருவருக்கு ரப்பர் விளை, அதாவது தோட்டம், இருக்கிறது, அதன் மேல்கோடியில் ஒரு சமதளம். கூப்பிட்டால் கேட்கிற தூரத்தில் அவர் வீடு. கழிப்பறைக்கு அங்கே போய்க்கொள்ளலாம், இதை எந்த ஆன்மிகக் கட்டுரையும் எழுதுவதில்லை, பெண்கள் முதலில் யோசிப்பது இதைத்தான். வருஷத்தில் ஒன்றிரண்டு தடவை, மழைக்குப் பின்னால், அங்கே போய் இருப்பேன். உங்களுக்கும் இப்படி ஒரு விளை, யாராவது ஒரு அத்தை, சித்தப்பா, கூட வேலை பார்க்கிறவரின் வீடு அகப்படாமல் போகாது. நம் ஊரில் ரப்பர் விளைக்கா பஞ்சம்?

போகுமுன் ரப்பர் பால்வெட்டுகிறவரிடம் சொல்லிவிட வேண்டும். விடியுமுன் நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு மரம் மரமாக வருவார், எதிர்பாராமல் மரங்களுக்கு நடுவே ஒரு கூடாரம், உள்ளே ஒரு பெண்ணின் உருவம் என்றால் அந்த மனுஷனுக்கு என்ன ஆகும்! கொசு உண்டு, பால் பிடிக்கிற சிரட்டையில் மழைத்தண்ணீர் தேங்கினால் அவ்வளவும் கொசுதான். தை மாசியில் ரப்பர் இலை உதிர்ந்து கணுக்கால் வரை கிடக்கும், அப்போது தீ மூட்டவே கூடாது, சாயா போடக்கூட. அவல், கருப்பட்டி, ஏத்தன்பழம், தண்ணீர் போதும். அடுப்பு பற்றவைத்தால் மனது உடனே வீட்டுச் சமையலறைக்குப் போய்விடும், அதனாலும் வேண்டாம். டென்ட்டின் ஜிப்பை எப்போதும் முழுக்க இழுத்து மூடுங்கள். கட்டுவிரியன் ராத்திரியில் நடமாடுவது, தரையில் படுத்திருப்பவரைக் கடித்தால் பல சமயம் வலியே இருக்காது, விடியும்போது வயிற்றுவலி என்று நினைத்துக்கொண்டு கிடப்பார்கள். செருப்பை உதறிவிட்டுப் போடுங்கள். போனை அணைத்து வையுங்கள், ஆனால் முழு சார்ஜோடு பையில் இருக்கட்டும்.

அங்கே என்ன நடக்கும் என்று கேட்டால், முதல் ராத்திரி ஒன்றும் நடக்காது. பயம் மட்டும்தான். உதிர்ந்த இலைமேல் ஒரு எலி நடந்தாலும் ஆள் நடக்கிற சத்தம் கேட்கும். தெய்வம், தியானம் எல்லாம் மறந்து உடம்பு முழுக்கக் காதாகிக் கிடப்பீர்கள், எப்போது விடியும் என்பது ஒன்றே பிரார்த்தனை. விடிந்ததும் அதே இடம் எவ்வளவு சாதாரணமாக இருக்கிறது என்று பார்த்துச் சிரிப்பு வரும். பலரும் அன்றைக்கே மூட்டையைக் கட்டிவிடுகிறார்கள். இரண்டாவது நாள்தான் கஷ்டம், ஏனென்றால் பயம் போய்ச் சலிப்பு வரும். செய்ய ஒன்றும் இருக்காது. அப்போது மனது பழைய கணக்குகளைத் திறக்கும், யாரோ எப்போதோ சொன்ன ஒரு வார்த்தை, கொடுத்துத் திரும்பாத பணம், மாமியாரோடு பேசாமல் விட்ட பதில் எல்லாம் வரிசையில் வந்து நிற்கும், நீங்களும் அந்த ரப்பர் மரங்களுக்கு முன்னால் அசையாமல் உட்கார்ந்து வீட்டுச் சண்டையை முழுசாக நடத்தி முடிப்பீர்கள். நடத்துங்கள். தடுக்க வேண்டாம், ஆனால் எழுந்து நடக்காதீர்கள், எழுதாதீர்கள், வாசிக்காதீர்கள். உங்களுக்குப் பழகிய ஒரு நாமம் இருந்தால் சொல்லுங்கள், இல்லையென்றால் சும்மா இருங்கள். அப்பாவைப் பற்றி ஒரு வரி எழுதியிருந்தீர்கள். அவர் அனேகமாக மூன்றாவது நாள் வருவார். அவருக்காகவாவது மூன்றாவது நாள் வரை இருங்கள்.

ஆன்மிகமா, தப்பி ஓடுவதா என்ற கேள்விக்கு எனக்குச் சிரிப்பும் கோபமும் சேர்ந்து வந்தது. 41 நாள் மாலை போட்டு, சமையல் தனி, குளியல் தனி என்று வீட்டையே தன் விரதத்துக்கு ஏற்ப மாற்றிவைத்து மலைக்குப் போகிற ஆண்களிடம் நம் தெருவில் யாரும் இதைக் கேட்டதில்லை. உங்கள் மூன்று ராத்திரிக்கு மட்டும் சான்றிதழ் எதற்கு? தப்பி ஓடுவதாகவே இருக்கட்டும். ஓடிப்போனவருக்குத் தான் எதிலிருந்து ஓடினோம் என்று இரண்டாவது நாள் தெரிந்துவிடும், அதைத் தெரிந்துகொள்வதற்கு மேல் பெரிய ஆன்மிகம் எதையும் நான் பார்த்ததில்லை.

ஐப்பசி, கார்த்திகையில் மட்டும் போகாதீர்கள். மத்தியானத்துக்கு மேல் இடி இறங்குகிற காலம், மரங்களுக்கு நடுவே உட்கார்ந்திருக்கக் கூடாது. தை பிறக்கட்டும். அதற்குள் ஒரு ராத்திரி அந்த டென்ட்டை வீட்டு மொட்டைமாடியில் விரித்துப் படுத்துப் பாருங்கள், ஜிப் சரியாக மூடுகிறதா என்றாவது தெரியும். கணவர் சிரித்தால் சிரிக்கட்டும், மாடிக்கதவை மட்டும் உள்ளிருந்து பூட்டிவிட வேண்டாம் என்று சொல்லிவையுங்கள்.