சிரித்துக்கொண்டிருந்தேன், வயிற்றைக் கலக்கிவிட்டது

கேள்வி: 1985-ல் வந்த 'பிரேசில்' படம் பார்த்தேன். பாதிவரை சிரித்தேன், அப்புறம் வயிற்றைக் கலக்கிவிட்டது. இதையா நகைச்சுவைப் படம் என்கிறார்கள்? பிரேசில் நாடே வரவில்லையே!
- ஒரு வாசகர், திருச்சி

பதில்: நீங்கள் சிரித்ததும் சரி, கலங்கியதும் சரி, இயக்குநர் டெர்ரி கில்லியம் இரண்டையும் ஒரே காட்சிக்குள் வைத்துத்தான் எடுத்திருக்கிறார். படம் நடக்கும் கற்பனை நாட்டில், ஓர் அரசு அலுவலகத்தில் ஒரு பூச்சியை அடிக்கிறார்கள், அது அச்சு இயந்திரத்துக்குள் விழுகிறது, கைது உத்தரவில் 'டட்டில்' என்ற பெயர் 'பட்டில்' ஆகிவிடுகிறது. அவ்வளவுதான் நடந்த தவறு. கிறிஸ்துமஸ் சமயத்தில் கூரையை அறுத்துக்கொண்டு இறங்கி, சம்பந்தமே இல்லாத ஒரு குடும்பஸ்தரைக் கட்டித் தூக்கிப் போகிறார்கள். மனைவியிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு, கணவரைப் பெற்றுக்கொண்டதற்கு ஒரு ரசீது கொடுக்கிறார் அதிகாரி. ரசீதுக்கும் ஒரு ரசீது உண்டு.

எனக்கு இந்தப் படம் என்றாலே நினைவுக்கு வருவது அதற்குப் பிறகு வரும் காசோலைக் காட்சிதான். அந்த ஊரில் விசாரணைச் செலவையும் கைதானவர் தலையிலேயே கட்டுவார்கள். ஆள் மாறிப்போனதால் வசூலித்த பணத்தைத் திருப்பிக் கொடுத்தாக வேண்டும், ஆனால் அவர் விசாரணையிலேயே செத்துப்போயிருக்கிறார். கணக்கு நேராகிவிட்டால் போதும் என்று ஜொனாதன் பிரைஸ் நடித்த அரசு குமாஸ்தா சாம், நல்ல காரியம் செய்கிற நினைப்பில், காசோலையை நேரில் எடுத்துப் போகிறான். அந்த அம்மாவோ கணவரின் உடல் எங்கே என்று கேட்கிறார். சாம் கெட்டவன் இல்லை. இந்தப் படத்தில் பெரும்பாலானவர்கள் அப்படித்தான், தன் மேசைக்கு வந்த காகிதத்தை ஒழுங்காக முடித்து அடுத்த மேசைக்குத் தள்ளுகிறார்கள், கடைசியில் ஓர் ஆள் செத்திருக்கிறார். மைக்கேல் பாலின் செய்த ஜாக்கைப் பாருங்கள், குழந்தையைக் கொஞ்சுகிற அன்பான அப்பா, சித்திரவதை செய்வது அவருக்கு உத்தியோகம்.

தலைப்பு நாட்டின் பெயரை நினைத்து வைத்ததில்லை. ஆரி பரோசோ 1939-ல் எழுதிய பாட்டிலிருந்து வந்தது. படம் முழுக்க அந்த மெட்டு வருகிறது, கடைசிக் காட்சியில் சாம் அதைத்தான் முணுமுணுக்கிறான்.

நீங்கள் எந்தப் பதிப்பைப் பார்த்தீர்கள் என்று எழுதவில்லை. அமெரிக்காவில் யுனிவர்சல் நிறுவனம் முடிவை இனிப்பாக மாற்றி 94 நிமிடத்துக்குச் சுருக்கப் பார்த்தது. கில்லியம் பத்திரிகையில் முழுப்பக்க விளம்பரம் கொடுத்துச் சண்டை போட்டார், லாஸ் ஏஞ்சலஸ் விமர்சகர்கள் அவர் எடுத்த படத்தையே அந்த ஆண்டின் சிறந்த படமாக அறிவித்தார்கள், அப்புறம்தான் 132 நிமிடப் படம் அங்கே வெளியானது. ஐரோப்பாவில் ஓடிய 142 நிமிடப் பதிப்பு கிடைத்தால் அதையே பாருங்கள். சுபமாக முடிந்தால் அது வேறு படம்.