அமெரிக்காவில் குடியேறிய ஜெர்மானியர்கள் ஊருக்கு ஊர் பாட்டுச் சங்கம் வைத்தது ஏன்?

பாட்டுச் சங்கம் என்றால், வாரம் ஒரு மாலை கூடி, தாய்மொழிப் பாடல்களைப் பல குரல்களாகப் பிரித்துச் சேர்ந்து பாடும் குழு. ஆண்கள் மட்டும் பாடும் குழுவுக்கு ஜெர்மன் மொழியில் 'மென்னர்கோர்' என்று பெயர். அமெரிக்காவில் 1835-ல் பிலடெல்ஃபியாவில் ஒன்று தொடங்கியது. அடுத்த ஆண்டே பால்டிமோரிலும் வந்துவிட்டது.

சரி, ஏன் பாட்டு? அன்று ஜெர்மனி ஒரே நாடு அல்ல, பல சிற்றரசுகள். அரசியல் கூட்டம் போட்டால் கெடுபிடி. பாடுவதற்குக் கூடலாம்; விடுதலையையும் ஒன்றுபட்ட நாட்டையும் பாட்டிலேயே சொல்லலாம். முன்பே அமெரிக்காவுக்குக் கப்பலேறிய இந்தப் பழக்கம், அங்கே 1848-ல் எழுந்த புரட்சி தோற்று வந்தவர்களால் இன்னும் வலுத்தது.

தெரியாத ஊரில், பேருந்தில் யாரோ நம் மொழியில் பேசுவது காதில் விழுந்தால் மனசு சட்டென்று திரும்புமே, அப்படித்தான். வாராவாரம் அந்தக் குரல் கேட்கும் இடமாகச் சங்கம் இருந்தது.

1849-ல் சின்சினாட்டியில் பல ஊர்ச் சங்கங்கள் சேர்ந்து 'சாங்கர்ஃபெஸ்ட்' என்ற பாட்டு விழா நடத்தின. பிற்பாடு அதே ஊரில் இத்தகைய விழாவுக்காக எழுப்பிய மண்டபத்துக்குத் தகரக் கூரை. 1875-ல் ஒரு கச்சேரியின்போது பெய்த மழையின் இரைச்சலில் பாட்டே கேட்கவில்லை! அதன் பிறகுதான் 1878-ல் இன்றைய சின்சினாட்டி இசை அரங்கம் எழுந்தது. எனக்கு மிகவும் பிடித்த கதை இது.

முதல் உலகப் போரின்போது ஜெர்மானியர் மீது எழுந்த வெறுப்போடு இச்சங்கங்கள் எல்லாமே மறைந்துவிட்டன என்று பலர் நினைக்கிறார்கள். நிறைய நலிந்தது உண்மைதான், ஆனால் 1847-ல் தொடங்கிய நியூயார்க் 'லீடர்கிரான்ஸ்' பாட்டுச் சங்கம் இன்றும் இயங்குகிறது.