இன்ஜினைப் பிரித்துவிட்டு என்னிடம் வராதீர்கள்

கேள்வி: மண்டபத்தில் இருக்கிறேன். ஏழு வருஷ டீசல் கார். காலையில் ஸ்டார்ட் செய்தால் கடகடவென்று சத்தம். ராமநாதபுரத்தில் ஓர் ஒர்க்‌ஷாப்பில் விட்டேன். சத்தத்தின் வீடியோவையும் வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். செல்ஃப் மோட்டார், பேட்டரி மாற்றி 18,400 ரூபாய் வாங்கினார்கள். சத்தம் போகவில்லை. ஆறு தடவை அலைந்தேன். ‘டீசல் வண்டின்னா அப்படித்தான்’ என்று அலட்சியமாகப் பேசினார் சூப்பர்வைசர். மூன்றாவது வாரம், கல்யாணத்துக்குப் போகும் வழியில் பாம்பன் பாலத்தில் இன்ஜின் நின்றுவிட்டது. இப்போது டைமிங் செயின் போயிருக்கும், 1,20,000 ஆகும் என்கிறார்கள். வண்டி வீட்டு ஷெட்டில் நிற்கிறது. பரமக்குடியில் தெரிந்த மெக்கானிக்கிடம் சரிசெய்துவிட்டு, அந்தப் பில்லை வைத்துப் புது இன்ஜினும் 5 லட்சம் நஷ்டஈடும் கேட்கலாமா?

பதில்: கல்யாணம், ஆறு தடவை அலைந்தது, சூப்பர்வைசரின் வாய் இதெல்லாம் நுகர்வோர் ஆணையத்தில் போடும் மனுவில் ஒரு பத்திக்கு மேல் போகக்கூடாது. உங்கள் வழக்கில் கேள்வி ஒன்றுதான்: அந்தச் சத்தம் இன்ஜின் பிடிப்பதற்கு முன்பா, பிடித்த பிறகா?

சாவியைத் திருப்பும்போது மட்டும் கரகரத்து, இன்ஜின் பிடித்ததும் நின்றால் செல்ஃப் மோட்டாரைச் சந்தேகிக்கலாம். இன்ஜின் பிடித்த பிறகு இரண்டு மூன்று விநாடி கடகடத்து அடங்கினால், பெரும்பாலும் டைமிங் செயினை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர்தான் காரணம். ராத்திரி முழுக்க நின்ற வண்டியில் ஆயில் கீழே இறங்கியிருக்கும். அழுத்தம் ஏறும்வரை செயின் தளர்ந்து அடிக்கும். அதற்குச் செல்ஃப் மோட்டாரை மாற்றியிருந்தால், 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் சொல்லும் சேவைக் குறைபாடு அது. வண்டியை விடும்போது உங்கள் புகாரை எழுதித் தந்த ஜாப் கார்டை எடுத்துப் பாருங்கள். ‘ஸ்டார்ட்டிங் பிராப்ளம்’ என்று மட்டும் எழுதியிருந்தால், சொன்ன வேலையைத்தானே செய்தோம் என்பார்கள். அப்போது அந்த வீடியோதான் கைகொடுக்கும். அந்த போனை விற்கவோ, எக்ஸ்சேஞ்சில் கொடுக்கவோ வேண்டாம். மின்னணுச் சாட்சியத்துக்கான சான்றிதழுடன்தான் அதைத் தாக்கல் செய்ய வேண்டும்.

இப்போது பரமக்குடி யோசனைக்கு வருகிறேன். தயவுசெய்து வேண்டாம். இதே தப்பைச் செய்துவிட்டு என்னிடம் வந்தவர்கள் பலர். ஒருவர் சாக்கு மூட்டையோடு வந்தார். உள்ளே வளைந்த வால்வுகள், அறுந்த செயின், ஒரு பிஸ்டன். “சார், இதைவிட என்ன ஆதாரம் வேணும்?” என்றார். அந்த வால்வு அவர் வண்டியிலிருந்துதான் வந்தது என்பதற்கு ஒரு துண்டுக் காகிதம்கூட இல்லை. பிரித்தபோது எதிர்தரப்பு அங்கே இல்லை, ஆயில் அளவை யாரும் பார்க்கவில்லை, படமும் இல்லை. பிரித்த மெக்கானிக்கோ ஆணையத்துக்கு வரமாட்டேன் என்றுவிட்டார். சரிசெய்து ஓடும் வண்டியில் நிபுணர் எதைப் பார்ப்பார்?

ஆகவே முதலில் வக்கீல் நோட்டீஸ். அதில் தேதியும் இடமும் குறித்து, பிரிக்கும்போது வந்து பார்க்கும்படி ஒர்க்‌ஷாப்பை அழையுங்கள். வந்தால் இரு தரப்பும் கையெழுத்திட்ட குறிப்பு, வீடியோ. வராவிட்டால், வண்டியில் கைவைக்காமல் மாவட்ட ஆணையத்தில் புகாரோடு சேர்த்து நிபுணரை நியமிக்கக் கேட்டு மனுப் போடுங்கள். காலவரம்பு 2 ஆண்டு இருக்கிறது, அவசரமில்லை.

எதிர்தரப்பு உங்களிடம் தேடப்போவது இரண்டு விஷயம். ஒன்று, கடைசியாக ஆயில் மாற்றிய பில். கெடு தாண்டி ஓட்டியிருந்தால் செயின் தேய்ந்த பழி உங்கள் தலையில் விழும். இன்னொன்று உப்பு. நம் பக்கம் எந்த ஒர்க்‌ஷாப்பைக் கேட்டாலும் ‘உப்புக்காத்து சார்’ என்பது தயாராக இருக்கும். பேட்டரி முனையிலும் எர்த் ஒயரிலும் உப்பு ஏறும், உண்மைதான். அதற்காக ஆயிலில் ஊறும் செயினைக் காற்று தின்றுவிடாது. ஆனால் அரிச்சல்முனையில் அலைக்குள் டயரை இறக்கி நின்று எடுத்த படம் உங்கள் பேஸ்புக்கில் இருந்தால், குறுக்கு விசாரணைக்கு அதுவே போதும். இருந்தால் அழிக்காதீர்கள், என்னைப்போல் யாராவது ஒரு வக்கீலிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

புது இன்ஜின் ஆசையை விடுங்கள். புது வண்டியிலேயே கோளாறான பாகத்தை மாற்றினால் போதும் என்று ஒரு கிளட்ச் வழக்கில் 2006-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. 5 லட்சமும் நடக்காது. தொகையை ஏற்றிக் கேட்டால் நியாயமான பகுதியின்மேலும் சந்தேகம் வரும். பரிசோதனை தேவைப்படும் வழக்கை 5 மாதத்தில் முடிக்க முயல வேண்டும் என்கிறது சட்டம். நடைமுறையில் ஆண்டுக்கணக்கில் இழுத்தவற்றைப் பார்த்திருக்கிறேன். அதுவரை உங்கள் கார் மண்டபம் ஷெட்டில் நிற்கும். சிலிண்டர்களை மூடியிருக்கும் ஹெட்டைக் கழற்றியபடி நின்றால் சிலிண்டர் துருப்பிடிக்கும். கடைசியில் ஜெயித்த தொகை துருவுக்கே போகும்.

என்னைக் கேட்டால் சமரசமே பேசுவேன். 18,400-ஐ புது பில்லில் கழிக்க வேண்டும், கூலி அவர்களுடையது, உதிரிபாகத்தில் பாதி உங்களுடையது. நோட்டீஸ் போன பிறகு பேசினால் இந்த அளவுக்கு இறங்கி வருவார்கள். எழுத்தில் வாங்குங்கள்: இன்ஜின் எண், மாற்றிய பாகங்களின் பில் எண், ஆறு மாத உத்தரவாதம், பழைய பாகங்கள் உங்கள் கைக்கு. அவர்கள் நீட்டும் தாளில் ‘முழு திருப்தி, இனி எந்தக் கோரிக்கையும் இல்லை’ என்ற வரி இருக்கும். உத்தரவாதக் காலம் முடியும்வரை அதில் கையெழுத்துப் போடாதீர்கள். போட்டுத்தான் ஆக வேண்டும் என்றால், ‘ஆறு மாத உத்தரவாதத்துக்கு உட்பட்டு’ என்று உங்கள் கையாலேயே பேனாவில் எழுதி, பக்கத்தில் அவர்கள் கையெழுத்தையும் வாங்கிவிடுங்கள்.