ஹவாய் அரசியலமைப்பு: இன்னொரு கையெழுத்து யாருடையது?

கேள்வி: ஹவாய் அரசின் முதல் அரசியலமைப்பான 1840 சாசனத்துக்கு முன் குடிகளுக்கு எழுத்தில் ஏதாவது உரிமை இருந்ததா?

பதில்: இருந்தது. 1839-ல் அரசர் மூன்றாம் கமேஹமேஹா உரிமைப் பிரகடனம் வெளியிட்டார். தலைவர்கள் நினைத்தபடி குடியானவரின் நிலத்தைப் பிடுங்க முடியாது என்பது அதன் உயிர்நாடி. 1840 அக்டோபர் 8 சாசனம் அதையே முகப்பில் வைத்துக்கொண்டது.

கேள்வி: அந்தச் சாசனத்தில் வரும் ‘குஹினா நுயி’ பதவி என்றால் பிரதமர்தானே?

பதில்: பாதி சரி. முதலாம் கமேஹமேஹாவின் மனைவி காஅஹுமனு 1819-ல் தொடங்கிவைத்த பதவி அது. கிட்டத்தட்ட இணை ஆட்சியாளர். 1840-ல் அதில் இருந்தவர் கெகாவுலுவோஹி, அவரும் பெண். அவருக்குத் தெரியாமல் அரசர் எதுவும் செய்யக்கூடாது, அரசருக்குத் தெரியாமல் அவரும் செய்யக்கூடாது. இருவரும் கையெழுத்துப் போட்டால்தான் சட்டம்.

கேள்வி: அப்போது ஓட்டு எப்படிப் போட்டார்கள் ஐயா?

பதில்: பெட்டி கிடையாது. சட்டமன்றப் பிரதிநிதியாகத் தங்களுக்கு வேண்டியவரின் பெயரை அரசருக்குக் கடிதமாக எழுதிக் கையெழுத்திட்டு அனுப்பினார்கள். 1852 சாசனம் 20 வயது நிறைந்த ஆண்களுக்குச் சொத்து நிபந்தனை இல்லாமல் வாக்குரிமை தந்தது. 1864-ல் அது சுருங்கியது: 150 டாலர் நிலம், அல்லது ஆண்டுக்கு 25 டாலர் குத்தகை, அல்லது 75 டாலர் வருமானம் வேண்டும். 1840-க்குப் பின் பிறந்தவருக்கு எழுதப் படிக்கவும் தெரிய வேண்டும்.

கேள்வி: 1864-ல் குஹினா நுயி பதவி ஒழிந்ததே, பிறகு அரசர் கையெழுத்து மட்டும் போதுமா?

பதில்: போதாது. அமைச்சர் ஒருவரும் கையெழுத்திட வேண்டும். ஆனால் அமைச்சரை அரசர் எப்போது வேண்டுமானாலும் நீக்கலாம் என்பதால் அந்தக் கட்டுப்பாடு பெரும்பாலும் காகிதத்தில்தான். ஐந்தாம் கமேஹமேஹா 1852 சாசனத்தின் மேல் பதவிப் பிரமாணம் எடுக்க மறுத்து, தானே கொண்டுவந்த சாசனம் இது.

கேள்வி: அப்படியானால் 1887 சாசனம் அரசரைக் கட்டிப்போட்டது முன்னேற்றம்தானே?

பதில்: ஏட்டளவில் ஆம். அமைச்சரவையை நீக்கும் அதிகாரம் சட்டமன்றத்துக்குப் போனது. சட்டத்துக்கு அரசர் போடும் தடையை மூன்றில் இரண்டு பங்கு வாக்கால் தாண்டலாம். ஆனால் அந்தச் சட்டமன்றம் யாருடையது என்று பாருங்கள். அதன் ‘பிரபுக்கள்’ என்ற மேல்தட்டு உறுப்பினர்களைத் தேர்ந்தெடுக்க 3,000 டாலர் சொத்தோ 600 டாலர் ஆண்டு வருமானமோ வேண்டும். ஆசியர்களுக்கு ஓட்டே இல்லை. அமெரிக்க, ஐரோப்பியக் குடியேறிகளோ தங்கள் நாட்டுக் குடியுரிமையை விடாமலே ஓட்டுப் போடலாம். ஆயுதப் படையின் மிரட்டலில் அரசர் கலாகவுவா கையெழுத்திட்டதால்தான் ‘துப்பாக்கிமுனைச் சாசனம்’ என்ற பெயர்.

கேள்வி: அவருக்குப் பின் வந்த அரசி லிலியுஓகலானி அதை ஏன் மாற்ற முடியவில்லை?

பதில்: 1893 ஜனவரி 14 அன்று புதிய சாசனத்தோடு தயாராக இருந்தார். அமைச்சர்கள் கையெழுத்திட மறுத்தார்கள். மூன்றே நாளில், 17-ஆம் தேதி, அவரது ஆட்சி கவிழ்க்கப்பட்டது.