86 பரிசோதனை, 1,799 ரூபாய்: எடுக்கலாமா?

கேள்வி: எனக்கு 52 வயது, கணவருக்கு 57. வலங்கைமான் பக்கத்தில் சொந்த நிலம். குறுவை, சம்பா இரண்டும் போடுகிறோம். சம்பா அறுப்பு முடிந்து கையில் நாலு காசு இருக்கிற நேரமாகப் பார்த்து ஒரு லேப்காரர் நோட்டீஸ் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். ‘முழு உடல் பரிசோதனை. ஒருவருக்கு 86 டெஸ்ட். 4,200 ரூபாய் மதிப்பு, இப்போது 1,799 மட்டும். வீட்டுக்கே வந்து ரத்தம் எடுப்போம்’ என்று இருக்கிறது. திருப்பூரில் இருக்கும் மகன், “வருஷா வருஷம் எடுத்துடணும்மா” என்கிறான். இவரோ, “நல்லாருக்கிற உடம்பைக் குத்திப் பார்த்து வம்பை விலைக்கு வாங்கணுமா?” என்கிறார். இருவருக்கும் இதுவரை வியாதி எதுவும் கிடையாது. இவருக்கு வெற்றிலை, பாக்கு, புகையிலைப் பழக்கம் மட்டும் உண்டு. என்ன செய்யலாம்?
— வாசகி, வலங்கைமான்

பதில்: அம்மா, உங்கள் கடிதத்திலேயே முக்கியமான வரியைக் கடைசியில் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். அதற்கு வருகிறேன். முதலில் அந்த 86-ஐ எண்ணிவிடுவோம்.

ரத்த அணுக்கள் எண்ணிக்கை, அதாவது சி.பி.சி. என்பது ஒரு குழாய் ரத்தம், மெஷினில் ஒரு ஓட்டம். ரிப்போர்ட்டில் மட்டும் இருபது வரி அச்சாகும். நோட்டீஸ் கணக்கில் அது இருபது டெஸ்ட். சிறுநீரின் நிறம், தெளிவு என்று கண்ணால் பார்ப்பதற்கும் தனித்தனி எண். கொழுப்புப் பரிசோதனையில் ஒரு எண்ணை இன்னொன்றால் வகுத்து வருகிற விகிதங்களும் சேர்த்தி. அதற்கு ஒரு சொட்டு ரத்தம்கூட வேண்டாம், கால்குலேட்டர் போதும். இலையில் வைத்த உப்பு, ஊறுகாய், பக்கத்தில் இருக்கும் தண்ணீர் டம்ளர் எல்லாவற்றையும் எண்ணி ‘21 வகை விருந்து’ என்று போர்டு மாட்டுவது மாதிரிதான். சர்க்கரை, கொழுப்பு, கல்லீரல், சிறுநீரகம், தைராய்டு, ரத்த அணு, சிறுநீர். பிரித்துப் பார்த்தால் ஏழெட்டுக்கு மேல் தேறாது. 4,200 ‘மதிப்பு’ யார் போட்டது என்றும் கேட்டுப் பாருங்கள். அந்த ஏழெட்டையும் தனித்தனியாக எடுத்தால் அதே லேபில் என்ன ரேட் என்று விசாரித்தால் சலுகையின் லட்சணம் தெரிந்துவிடும்.

அதைவிட முக்கியம், நோட்டீஸில் இல்லாதவை. ரத்த அழுத்தம் இல்லை. வாயைத் திறந்து பார்ப்பது இல்லை. உங்களுக்குக் கர்ப்பப்பை வாய்ப் பரிசோதனை இல்லை, மார்பகப் பரிசோதனை இல்லை. இவை எதற்கும் ஊசி தேவையில்லை. அதனால் கூரியர் பையில் போட்டு அனுப்பவும் முடியாது. ஐம்பது தாண்டிய உங்களுக்கு முதலில் பார்க்க வேண்டியவையே இவைதான்.

உங்கள் வீட்டுக்காரர் சொல்வதிலும் பாதி நியாயம் இருக்கிறது. ரிப்போர்ட்டில் ‘இயல்பு அளவு’ என்று போடுகிறார்களே, அது பெரும்பாலும் ஆரோக்கியமான 100 பேரில் 95 பேருக்கு எந்த எல்லைக்குள் வருகிறதோ அந்த எல்லை. மீதி 5 பேர் நோயில்லாமலேயே எல்லைக்கு வெளியே நிற்பார்கள். ஒன்றோடு ஒன்று சம்பந்தமில்லாத 20 டெஸ்ட் எடுத்தால், முழு ஆரோக்கியமான ஆளுக்கும் ஏதாவது ஒன்றில் சிவப்பு விழ 64 சதவீத வாய்ப்பு. டெஸ்ட் கூடக் கூடச் சிவப்பும் கூடும்.

எனக்கே விழுந்தது. சில வருஷங்களுக்கு முன் இதே போன்ற ஒரு பேக்கேஜ் எடுத்தேன். காலை ஆறரைக்கு ஒரு பையன் வந்து ரத்தம் எடுத்தான். நல்ல பையன், காபி வேண்டாம் என்று சொல்லிவிட்டு அடுத்த வீட்டுக்குக் கிளம்பினான். சித்திரை வெயிலில் பைக்கில் சுற்றிவிட்டு லேபுக்கு எத்தனை மணிக்குப் போய்ச் சேர்ந்தானோ. ராத்திரி போனில் ரிப்போர்ட் வந்தது: பொட்டாசியம் 6.4, தடித்த சிவப்பில். அந்த அளவு நிஜமானால் இதயத் துடிப்பே தடுமாறும். விடியுமுன் கார் பிடித்துத் தஞ்சாவூர் ஓடினோம். ஈ.சி.ஜி. நன்றாக இருந்தது. மருத்துவர் என்னை எதுவும் கேட்கவில்லை, “ரத்தம் எங்கே எடுத்தாங்க, எப்போ லேபுக்குப் போச்சு?” என்று மட்டும் கேட்டார். ரத்தச் சிவப்பணு உடைந்தால் அதற்குள் இருக்கும் பொட்டாசியம் வெளியே கசிந்துவிடுமாம். மறுபடி எடுத்தார்கள், 4.3. கார் வாடகை, ஈ.சி.ஜி., மறு டெஸ்ட் எல்லாம் சேர்த்துப் பேக்கேஜ் விலையைப் போல இரண்டு மடங்கு செலவு. வீட்டில் ஒருவரும் தூங்காதது தனி.

ஆராய்ச்சி என்ன சொல்கிறது என்று மகன் கேட்பார். நோய் அறிகுறி இல்லாதவர்களுக்குப் பொதுவான உடல் பரிசோதனை செய்வதால் ஆயுள் கூடுகிறதா என்று கோக்ரேன் என்ற சர்வதேச மருத்துவ ஆய்வு அமைப்பு இரண்டரை லட்சம் பேர் பங்கேற்ற ஆய்வுகளைத் தொகுத்து 2019-ல் வெளியிட்டது. இறப்பு விகிதத்தில் வித்தியாசம் இல்லை, இருந்தாலும் மிகக் குறைவு என்பதுதான் முடிவு. ஆனால் அந்த ஆய்வுகள் பெரும்பாலும் ஐரோப்பா, அமெரிக்காவில் நடந்தவை. அங்கே சளிக்குப் போனாலும் குடும்ப மருத்துவர் பிரஷர் பார்த்து எழுதி வைத்துவிடுவார். நம் பக்கம் கால் புண் ஆறாமல் போன பிறகுதான் பலருக்குச் சர்க்கரை இருப்பதே தெரிகிறது. ஆகவே எதையுமே பார்க்க வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன். 86 வேண்டாம், நாலைந்து போதும்.

இப்போது அந்தக் கடைசி வரி. வெற்றிலைக்கு ஒரு குற்றமும் இல்லை. கும்பகோணத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு அதைக் குறை சொல்ல எனக்கும் மனசு வராது. புகையிலை வாய்ப்புற்றைக் கொண்டுவரும் என்பது எல்லோருக்கும் தெரியும். பாக்கும் தனியாகவே புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வுப் பிரிவு வகைப்படுத்தியிருக்கிறது. இன்றைக்கே அவரை வெளிச்சத்தில் உட்கார வைத்து வாயைத் திறக்கச் சொல்லுங்கள். ஆட்காட்டி விரல், நடுவிரல், மோதிர விரல் மூன்றையும் ஒன்றன் மேல் ஒன்றாக நிறுத்தி அவரால் மேல் பல்லுக்கும் கீழ்ப் பல்லுக்கும் நடுவில் நுழைக்க முடிகிறதா? கன்னத்தின் உள்பக்கம், நாக்கின் ஓரம், அடக்கிவைக்கிற இடம் இங்கெல்லாம் வெள்ளைத் திட்டு, சிவப்புத் திட்டு, இரண்டு வாரமாகியும் ஆறாத புண் இருக்கிறதா? காரம் பட்டால் எரிகிறது என்கிறாரா? ஒன்று இருந்தாலும் பல் மருத்துவரிடமோ அரசு மருத்துவமனைக்கோ உடனே கூட்டிப் போங்கள். ஒன்றும் தெரியாவிட்டாலும் வருஷம் ஒருமுறை மருத்துவர் கண்ணால் பார்க்க வேண்டும். 1,799 ரூபாய் நோட்டீஸ் இதைக் கண்டுபிடிக்கவே கண்டுபிடிக்காது.

உங்களுக்கு: ஆரம்ப சுகாதார நிலையத்தில் 30 வயது தாண்டிய பெண்களுக்குக் கர்ப்பப்பை வாய், மார்பகப் பரிசோதனை உண்டு, கட்டணம் கிடையாது. நீர்த்த அசிட்டிக் அமிலம் தடவிப் பார்க்கிற முறைதான். சில நிமிஷத்தில் முடிந்துவிடும், அங்கேயே சொல்லிவிடுவார்கள். கூச்சப்பட்டுத் தள்ளிப்போடாதீர்கள். இருவருக்கும் பிரஷர், சர்க்கரையும் அங்கேயே பார்க்கலாம். 2021-ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீடு தேடி வந்தும் பார்க்கிறார்கள். உங்கள் தெருவுக்கு வரும்போது வயலுக்குப் போய்விடாமல் இருந்தால் சரி. வெறும் வயிற்றில் சர்க்கரை 100-க்குக் கீழே என்றால் நல்லது. 100 முதல் 125 வரை எச்சரிக்கை. 126, அதற்கு மேல் என்றால் இன்னொரு நாள் மறுபடி பார்த்து உறுதி செய்ய வேண்டும். ஒரே ரிப்போர்ட்டை வைத்து மாத்திரை ஆரம்பிக்க வேண்டாம். பிரஷர் 140/90-ஐத் தொட்டாலும் இதே விதிதான். கொழுப்பு, சிறுநீரகத்துக்கு ஒருமுறை பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். சரியாக இருந்தால் வருஷா வருஷம் தேவைப்படாது.

மகன் பணம் அனுப்பியே தீருவேன் என்றால் வாங்கிக்கொள்ளுங்கள். அதில் ஒரு நல்ல பொது மருத்துவரிடம் அரை மணி நேரம் உட்கார்ந்து பேசிவிட்டு, அவர் எழுதித் தருகிற டெஸ்ட்டை மட்டும் எடுங்கள். லேபுக்கு நேரில் போய்க் கொடுப்பதே நல்லது. வீட்டில்தான் எடுக்க வேண்டுமென்றால், சர்க்கரைக்கு சாம்பல் நிற மூடி போட்ட குழாயில் எடுக்கிறார்களா என்று பாருங்கள். மற்றக் குழாயில் நேரம் ஆக ஆக ரத்த அணுக்களே சர்க்கரையைத் தின்றுவிடும். உள்ளதைவிடக் குறைத்துக் காட்டும். புற்றுநோயைக் கண்டுபிடிக்கும் ரத்தப் பரிசோதனை என்று கூடுதலாக 900 ரூபாய்க்குத் தலையில் கட்டப் பார்த்தால் கும்பிடு போட்டுவிடுங்கள். நோய் இருப்பவருக்கு சிகிச்சை பலிக்கிறதா என்று பார்க்க உதவுகிற எண்கள் அவை. நன்றாக இருப்பவருக்குப் பீதியைத்தான் தரும்.

கேள்வி: பெற்றோருக்கு எடுத்த உடல் பரிசோதனைச் செலவை வருமான வரியில் காட்டலாம் என்கிறார்களே?
— வாசகர், மன்னார்குடி

பதில்: பழைய வரி முறையில் இருந்தால் காட்டலாம். 80டி என்று எல்லோரும் சொல்லும் கழிவுக்குள், உங்களுக்கும் மனைவி மக்களுக்கும் பெற்றோருக்கும் எல்லாம் சேர்த்தே 5,000 ரூபாய்தான் உச்சவரம்பு. ரொக்கமாகக் கொடுத்திருந்தாலும் செல்லும். பில்லை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். புதிய முறைக்கு மாறியவர்களுக்கு இந்தக் கழிவு இல்லை. வரிக்காக டெஸ்ட் எடுக்கிறேன் என்று கிளம்பாதீர்கள். 20 சதவீத வரம்பில் இருப்பவருக்கே 5,000 ரூபாய் செலவில் மிச்சம் ஆயிரம் ரூபாய்ச் சொச்சம்தான்.

கேள்வி: சிறுநீரகத்துக்காகப் பார்க்கும் கிரியாட்டினின் ஒரு லேபில் 2.1, மூன்றாம் நாள் இன்னொரு லேபில் 0.9. முதல் லேப்காரர் பணம் திருப்பித் தர மறுக்கிறார்.
— வாசகர், மயிலாடுதுறை

பதில்: 0.9, 1.0 என்ற வித்தியாசம் சகஜம். இவ்வளவு தூரம் போவது சகஜமில்லை. முதலில் மருத்துவரிடம் இரண்டு ரிப்போர்ட்டையும் காட்டி எது நம்பத்தக்கது என்று தெரிந்துகொள்ளுங்கள். பிறகு லேபுக்கு எழுத்தில் கொடுங்கள், வாய்ப்பேச்சு வேண்டாம். பதில் வராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதற்கும் மசியவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். காசு வாங்கிக்கொண்டு செய்யும் மருத்துவ சேவை நுகர்வோர் சட்டத்துக்குள் வரும் என்று உச்ச நீதிமன்றம் 1995-லேயே சொல்லிவிட்டது. 2019 சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் ஊருக்குரிய ஆணையத்திலேயே புகார் கொடுக்கலாம், இரண்டு வருஷத்துக்குள். கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் இல்லை, வக்கீலும் கட்டாயமில்லை. லேப்காரர் வாட்ஸ்அப்பில் அனுப்பிய ரிப்போர்ட்டை இன்றே தேதி தெரியும்படி பிரிண்ட் எடுத்து வையுங்கள்.